கலங்கல் கடலில் கமரா

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கடலடிப் படம் எடுக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் திருகோணமலையைத்தான் நினைக்கிறார்கள். நிலாவெளி, புறாத்தீவு என்று இடத்தையும் அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். காங்கேசன்துறைக்கும் கீரிமலைக்கும் முன்னால், அல்லது புங்குடுதீவு, நெடுந்தீவுப் பக்கமாக, நெஞ்சளவு நீரிலிருந்து ஏழெட்டு மீற்றர் வரை ஆழமுள்ள முருகைக்கற்பார்களில், அதாவது பவளப்பாறைத் திட்டுகளில்தான் பெரும்பாலும் இறங்குகிறேன் என்றால், “அந்தக் கலங்கலுக்கை என்னத்தை எடுக்கிறியள்?” என்ற கேள்வி உடனே வரும். கேள்வி நியாயமானதுதான், எங்கள் கடல் கலங்கல் கடல்தான். ஆயினும் கடலடிப் படக்கலையைப் பழக விரும்புகிறவருக்குத் தெளிந்த நீரைவிட இந்தக் கலங்கலே நல்ல ஆசிரியர் என்பது என் துணிபு. தெளிந்த நீர் பொறுத்துக்கொள்ளும் சோம்பல்கள் எதையும் கலங்கல் நீர் பொறுத்துக்கொள்வதில்லை.

கலங்கலுக்குக் காரணம் எளிது. பாக்கு நீரிணையும் பாக்குக் குடாவும் ஆழமற்றவை. பெரும்பாலான இடங்களில் 15 மீற்றரைத் தாண்டுவதில்லை. அவ்வளவு ஆழங்குறைந்த கடலின் மேல் ஒரு நாள் காற்று அடித்தாலே அடியிலுள்ள சேறும் மணலும் எழும்பிவிடும். எழும்பியது படிவதற்குப் பல நாள் எடுக்கும். வாடை எனும் வடகீழ்க் காற்றுக் காலத்தில் காங்கேசன்துறையிலிருந்து பருத்தித்துறை வரையான வடகரை கொந்தளிக்கும். சோளகம் எனும் தென்மேற்குக் காற்றுத் தொடங்கிவிட்டால் வடகரை ஓரளவு அடங்கியிருக்க, தீவகத்தின் தென்மேற்குப் பக்கம் கலங்கிப்போகும். இரண்டுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரை மாதங்களில் காற்றுச் செத்துக் கிடக்கும் நாட்களே எங்களுக்கு வாய்த்தவை. வானிலை அறிவிப்பைப் பார்ப்பதோடு என்னை ஏற்றிச் செல்லும் படகுக்காரரையும் கேட்பேன். அவர் கரையில் நின்று நீரின் நிறத்தைப் பார்த்தபடியே, “தம்பி, காத்து சோளகத்துக்குத் திரும்பீட்டுது, இண்டைக்குக் கீழை போனால் உம்மடை கையே உமக்குத் தெரியாது” என்றால் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிவிடுவதே புத்தி.

நிலத்தில் படம் எடுத்துப் பழகியவர் கடலுக்குள் இறங்கியதும் முதலில் இழப்பது நிறத்தை. நீர் ஒளியின் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் விழுங்குவதில்லை. சிவப்பு ஐந்து மீற்றருக்குள்ளேயே பெரும்பாலும் போய்விடும். அதன்பின் செம்மஞ்சள், அதன்பின் மஞ்சள் என்று ஒவ்வொன்றாகக் கழியும். ஆழத்தில் விரலில் கீறல் பட்டால் வருகிற இரத்தம் கரும்பச்சையாகத் தெரியும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு: கணக்கில் வருவது ஆழம் மட்டுமன்று, ஒளி நீருக்குள் நடந்த மொத்தத் தூரம். நீர்மட்டத்திலிருந்து முருகைக்கல்லுக்கு நான்கு மீற்றர், கல்லிலிருந்து கமராவுக்கு இன்னொரு நான்கு மீற்றர் என்றால், அந்தப் படத்தில் எட்டு மீற்றர் நீருக்குரிய நிற இழப்பு இருக்கும். ஆகவே நாலு மீற்றர் ஆழத்தில் நின்றுகொண்டு நிறம் வரவில்லையே என்று கவலைப்படுகிறவர், மேலே போக வேண்டியதில்லை. கிட்டப் போனாலே போதும்.

எங்கள் கடலில் இதற்கு மேலும் ஒரு சிக்கல். ஆழ்கடலின் தெளிந்த நீர் நீலமாகத் தெரியும். நுண்ணிய அல்காக்களும் கரைந்த சேதனப் பொருட்களும் மிகுந்த கரையோர நீர் நீல ஒளியையும் விழுங்கிவிடுவதால் பச்சையாகத் தெரியும். நீலக் கடலுக்கென்று விற்கப்படும் சிவப்பு வடிகட்டியை வாங்கி வந்து இங்கே கமராவில் மாட்டினால் படம் சேற்று நிறமாகிவிடும். பச்சை நீருக்கு உரியது ஊதாச் சிவப்பு வடிகட்டி. வடிகட்டியே இல்லாமல், வெள்ளைப் பிளாஸ்டிக் பலகைத் துண்டொன்றைக் கூடக் கொண்டுபோய், ஒவ்வொரு ஆழத்திலும் அதைக் காட்டிக் வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி கமராவின் வெண்சமநிலையைப் புதிதாகச் சரிசெய்வதே நான் விரும்பும் வழி. செலவுமில்லை, சந்தைக்கு அலையவும் வேண்டியதில்லை.

கலங்கல் நீரில் இரண்டு மீற்றருக்கு அப்பால் உள்ள எதையும் எடுப்பது வீண். அப்படி எடுத்த படம் பாசி பிடித்த கண்ணாடி வழியாகப் பார்த்தது போல மங்கலாகவே வரும். கணினியில் எவ்வளவு திருத்தினாலும் அது மாறாது, ஏனென்றால் பதிவாகாத ஒன்றைத் திருத்தத்தால் கொண்டுவர முடியாது. ஒரு முழ தூரத்துக்குள் போய்விட்டால், கமராவுக்கும் பொருளுக்கும் இடையில் இருக்கும் நீர் குறைந்துவிடுவதால், மற்றத் தெளிந்த கடல்களில் எடுத்த படத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது. கடலடிப் படக்காரர்கள் உலகமெங்கும் சொல்லும் முதல் அறிவுரை கிட்டப் போ என்பதுதான். புறாத்தீவில் இருபது மீற்றருக்கு அப்பால் போகும் சுறாவும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதால் அந்த அறிவுரையை யாரும் கேட்பதில்லை. இங்கே கேட்காமல் படம் எடுக்கவே முடியாது.

பிளாஷ் பாவிப்பவருக்குக் கலங்கல் இன்னும் கடுமையான பாடம். கமராவோடு ஒட்டியிருக்கும் பிளாஷை அப்படியே அடித்தால், இடையில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் ஒளிபட்டு வெண்புள்ளியாகப் படத்தில் விழும். பிளாஷைக் கைபோல நீண்ட தண்டில் பொருத்திப் பக்கவாட்டில் தள்ளி வைத்து, அதன் ஒளிக்கூம்பின் ஓரம் மட்டும் பொருளைத் தொடும்படி சற்று வெளிப்புறமாகத் திருப்பிவிட்டால், லென்சுக்கு முன்னாலுள்ள நீர் இருட்டாக இருக்க, பொருள் மட்டும் ஒளிபெறும். நீருக்குள் பொருட்கள் உண்மையில் இருப்பதைவிடக் கால்வாசி கிட்ட இருப்பதாகத் தோன்றும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இடத்தைக் குறிவைத்துப் பிளாஷைத் திருப்பினால், ஒளி மீனுக்கு முன்னாலுள்ள வெறும் நீரில் போய்ச் சேரும். குறி மீனுக்கு அப்பால் இருக்க வேண்டும்.

இந்தச் சங்கடங்கள் கலையோடு கூடப் பிறந்தவை. பிரான்சின் தென்கரையில் 1893இல் லூயி பூத்தான் கடலுக்குள் படம் எடுக்கத் தொடங்கிய காலத்திலேயே ஒளி போதாமைதான் அவருக்குப் பெருந்தடையாக இருந்தது. 1926இல் புளோரிடாவுக்கு அருகே லோங்லியும் மார்ட்டினும் முதல் கடலடி வண்ணப் படத்தை எடுத்தபோது, நீர்மட்டத்தில் மிதந்த தெப்பத்தில் மக்னீசியத் தூளை வெடிக்கவைத்து அந்த ஒளியைக் கீழே இறக்கினார்கள். 1943இல் கூஸ்தோவும் காஞானும் சுழியோடி தன் காற்றைத் தானே சுமந்து செல்லும் கருவியை உருவாக்கிய பிறகே மனிதன் ஓரிடத்தில் ஆற அமர நின்று ஒரு மீனைப் பார்க்க முடிந்தது. இன்று சட்டைப்பையில் அடங்கும் ஒலிம்பஸ் டிஜி வகைக் கமராக்கள் உறையில்லாமலே 15 மீற்றர் வரை தாங்குகின்றன. எங்கள் பார்களின் ஆழத்துக்கு அது தாராளம்.

ஆழமின்மையும் எங்களுக்குச் சாதகமே. சாதாரணமாகப் பாவிக்கப்படும் 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் (இங்கே பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் காற்று நிரப்பினால் 2,400 லீற்றர் காற்று இருக்கும். 50 பாரை மீதமாக வைத்துக்கொண்டு மேலே வர வேண்டும் என்பது ஒழுங்கு. ஆகவே செலவழிக்கக்கூடியது 1,800 லீற்றர். நிலத்தில் நிமிடத்துக்கு 20 லீற்றர் மூச்சிழுக்கிறவருக்கு, ஐந்து மீற்றரில் அழுத்தம் ஒன்றரை மடங்காவதால் 30 லீற்றர் தேவை. ஒரு மணித்தியாலம் கீழே இருக்கலாம். அவரே இருபது மீற்றரில் நிமிடத்துக்கு 60 லீற்றர் இழுப்பார். அரை மணித்தியாலத்தில் காற்று முடிந்துவிடும். படம் எடுப்பது பொறுமை வேலை. ஒரே கல்லுக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் கிடப்பதற்கு ஐந்து மீற்றரைவிட நல்ல ஆழம் கிடையாது.

அப்படிக் கிடந்து பார்க்க வேண்டிய உயிர்களில் எனக்கு மிகவும் பிடித்தது நத்தார் மரப் புழு. எங்கள் பார்களில் கிளைவிடும் முருகைகளைவிட உருண்டையாகத் திரண்டு வளரும் வகைகளே மிகுதி. கலங்கலையும் வெப்பத்தையும் அவை கூடுதலாகத் தாங்கும். அவற்றுள் போறைற்றிஸ் இனக் கல்லின் மேற்பரப்பைப் பார்த்தால் முதலில் வெறும் மண்ணிறப் பாறை போலத்தான் தோன்றும். சற்றுப் பொறுத்தால் நீலம், மஞ்சள், வெள்ளை, செங்கபிலம் என்று விரல்நுனியளவு கூம்புகள் சோடி சோடியாக வெளிவரும். ஒவ்வொரு சோடியும் ஒரு புழுவின் மூச்சுறுப்பும் உணவு பிடிக்கும் உறுப்பும் ஆகும். உடல் கல்லுக்குள் புதைந்த சுண்ணக் குழாயில் இருக்கும். நிழல் பட்டாலோ நீர் அசைந்தாலோ கண் இமைக்கும் முன் உள்ளே போய்விடும். போகும்போது சிறு மூடியொன்று குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். திரும்பி வருவதற்கு அது அவசரப்படாது. முதலில் மூடி சற்றே விலகும், பிறகு கூம்பின் நுனி மட்டும் எட்டிப்பார்க்கும், ஆபத்தில்லை என்று கண்ட பின்னரே சுருள்கள் ஒவ்வொன்றாக விரியும்.

இதைப் படமெடுக்க நான் கைக்கொள்ளும் முறை இதுதான். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்தால் என் நிழல் புழுவின் மேல் விழும். ஆதலால் சூரியனைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, நீரோட்டத்தை எதிர்நோக்கி, கல்லின் மட்டத்துக்குத் தாழ்ந்து நெருங்குவேன். கமராவைக் குவியத்தூரத்தில் நிலைப்படுத்திவிட்டு, புழு உள்ளே போனாலும் அசையாமல் அது வரும்வரை காத்திருப்பேன். மேலிருந்து எடுத்தால் கூம்பு வெறும் வட்டமாகத் தெரியும். பக்கவாட்டில் தாழ்ந்து எடுத்தால்தான் சுருளின் அடுக்குகள் ஒவ்வொன்றும் பிரிந்து தெரியும், பின்னணியிலும் கல் வராமல் பச்சை நீர் வரும். ஆழங்குறைந்த இடமாகையால் அலை எங்களை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை எதிர்த்து நிற்க முயல்வது வீண்வேலை. தள்ளு ஒரு பக்கம் போய் முடிந்து மறுபக்கம் திரும்புவதற்கு முன் ஒரு கணம் எல்லாம் நின்றிருக்கும்; அந்தக் கணத்தில் விரலை அழுத்த வேண்டும்.

அந்தக் கணத்தில்தான் பெரிய ஆபத்தும் இருக்கிறது. துவக்கால் குறிபார்க்கிறவன் போலக் கமராக்காரனும் கை நடுங்காதிருக்க மூச்சைப் பிடிக்கப் பார்ப்பான். சிலிண்டர்க் காற்றை மூச்சாக எடுத்துக்கொண்டிருப்பவர் ஒருபோதும் மூச்சைப் பிடிக்கக்கூடாது. ஆழம் குறைந்த இடந்தானே என்று எண்ணுகிறவர்களுக்கு இதைக் கணக்காகவே சொல்லலாம்: முப்பது மீற்றரிலிருந்து இருபது மீற்றருக்கு ஏறினால் நுரையீரலில் அடைபட்ட காற்று மூன்றிலொரு பங்குதான் கூடும், பத்து மீற்றரிலிருந்து நீர்மட்டத்துக்கு ஏறினால் அது இருமடங்காகும். அழுத்த மாற்றம் மிகக் கடுமையாக இருப்பது மேல்மட்ட நீரில்தான். நுரையீரல் நிறையக் காற்றோடு மூச்சைப் பிடித்திருப்பவரை ஓர் அலை இரண்டு மீற்றர் தூக்கிவிட்டாலே நுரையீரல் கிழியக்கூடும். படம் அசைந்தால் இன்னொன்று எடுக்கலாம்.

மூச்சோடு சேர்ந்தது மிதப்பு. இடுப்பில் கட்டும் ஈயத்தின் எடையும் மிதவைச் சட்டையிலுள்ள காற்றும் சரியாக இருந்தால், மூச்சை இழுக்கும்போது சற்று எழும்பி, விடும்போது சற்றுத் தாழ்ந்து, கைகால் அசைக்காமலே ஓரிடத்தில் நிற்கலாம். இது கைவராதவர் கமராவைக் கையில் எடுக்கவே கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். கமராத் திரையிலே கண் இருக்கும்போது காலில் மாட்டிய துடுப்பு எங்கே படுகிறது என்று தெரியாது. போறைற்றிஸ் வகைக் கல் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். அதன் மேற்பரப்பிலுள்ள உயிர்த்தோல் மெல்லியது. ஒருமுறை உரசினால் அந்த இடத்தில் பாசி ஏறிவிடும். துடுப்பை மேலும் கீழும் அடிக்காமல், முழங்காலை மடித்துத் தவளைபோலப் பின்னால் உதைத்தால் சேறு எழும்பாது. சேறு எழும்பினால் அடுத்த அரை மணித்தியாலத்துக்கு அவ்விடத்தில் யாருக்கும் படமில்லை. கூட வந்தவர்களின் சாபமும் சேரும்.

கீரிமலைப் பக்கம் இறங்குகிறவர்கள் இன்னொன்றையும் காணலாம். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, நிலத்தடியாக ஓடிக் கரையோரத்தில் ஊற்றாகக் கிளம்புகிறது. கீரிமலைக் கேணிக்கு நீர் தருவதும் அதுவே. அந்த நன்னீர் உப்புநீரோடு கலக்கும் இடத்தில் இரண்டின் அடர்த்தியும் ஒளிவிலகலும் வேறுபடுவதால், காட்சி முழுவதும் எண்ணெய் கலந்த நீரில் பார்ப்பது போல நெளியும். கமராவின் தானியங்கிக் குவியம் அங்கே எதையும் பிடிக்காது. முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். கமரா பழுதாகிவிட்டது என்று பயந்து மேலே வந்தவர்களை எனக்குத் தெரியும். அரை மீற்றர் கீழே போனால் உப்புநீர், காட்சி தெளிந்துவிடும்.

முருகைக்கல்லை நாங்கள் கடலுக்குள் இறங்கித்தான் காண வேண்டும் என்றில்லை. யாழ்ப்பாணக் கோட்டை மதிலை ஒருமுறை முகத்தை ஒட்டவைத்துப் பாருங்கள். சில கற்களில் தேன்கூடு போன்ற அறைகளும், மூளைமடிப்புப் போன்ற வளைகோடுகளும் தெரியும். ஒவ்வோர் அறையிலும் ஒருகாலத்தில் பொலிப்பு எனும் முருகைச் சிற்றுயிரொன்று உயிரோடு இருந்து, கடல்நீரிலிருந்து கல்சியம் காபனேற்றைப் பிரித்தெடுத்துத் தன் வீட்டைக் கட்டியிருக்கிறது. நெடுந்தீவில் காணிக்குக் காணி இந்தக் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கி வேலியாக வைத்திருக்கிறார்கள். அந்த வேலிக் கல்லை மக்ரோ லென்சால் எடுத்த படத்தையும், அதே வகை உயிருள்ள கல்லைக் கடலில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வகை எது என்று அடையாளங்காணப் பழகிவிடலாம். கடலில் பொலிப்பின் தசை அறையை மறைத்திருப்பதால் வடிவம் தெளிவில்லை. வேலியில் எலும்பு மட்டும் இருப்பதால் எல்லாம் தெரியும். பழைய கட்டடங்களைக் காட்டித்தான் சொல்கிறேன். இன்றைக்கு முருகைக்கல் அகழ்வது சட்டப்படி தடைசெய்யப்பட்டிருக்கிறது.

திருகோணமலைக்கு நானும் போகிறேன்; பழிக்கவில்லை. வாடையில் கொந்தளிக்கும் அந்தக் கடல் சித்திரைக்குப் பின் அடங்கி, புரட்டாதி வரை தெளிந்து கிடக்கும். 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவில் கிளைமுருகைகளுக்கு மேலே கரும்முனைச் சுறாக்கள் வளையவருவதை மூச்சுக்குழலோடு மிதந்தபடியே பார்க்கலாம். அகலக்கோண லென்சுக்கும் முன்பக்கம் குமிழாக வளைந்த கண்ணாடிக்கும் அங்கேதான் வேலை. தட்டையான கண்ணாடி நீரில் பார்வைக்கோணத்தைச் சுருக்கிவிடும். குமிழ்க் கண்ணாடி சுருக்காது. திருகோணமலையின் சுவாமிமலைப் பாறைக்குக் கீழே, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கண்டு உலகுக்குச் சொன்னதும் அந்தக் கடலில்தான். எங்கள் கலங்கலில் பழகிவிட்டு அங்கே போகிறவருக்கு, அளவுக்கு மீறிக் கிடைக்கும் அந்தத் தெளிவு ஒரு வெகுமதியாக இருக்கும். முதலிலேயே அங்கே போனவர் தூரத்திலிருந்து நீலப் படங்களை அள்ளிக்கொண்டு வருவார்.

கருவியைப் பேணுவது பற்றி யாழ்ப்பாணத்தவருக்கென்று ஒரு தனிக் குறிப்பு எழுத வேண்டும். கமராவின் நீர்புகாப் பெட்டியைக் காப்பது அதன் விளிம்பிலுள்ள இறப்பர் வளையம். அதில் ஒரு தலைமயிரோ மணற்பொடியோ இருந்தால் போதும், கமராவுக்குள் கடல் புகுந்துவிடும். கமராவை உள்ளே வைக்குமுன் வெறும் பெட்டியை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது நல்லது. இவையெல்லாம் எந்த நூலிலும் உண்டு. நூலில் இல்லாதது எங்கள் கிணற்றுத் தண்ணீர். கடலிலிருந்து வந்ததும் நன்னீரில் ஊறவையுங்கள் என்று சொல்வார்கள். எங்கள் கிணற்றில் கரைந்திருப்பது சுண்ணாம்பு. அதில் ஊறவைத்து வெயிலில் காயவிட்டால் குமிழ்க் கண்ணாடியில் வெண்படலம் படியும், பொத்தான்களின் வில்லுகளிலும் சுண்ணம் கட்டும். மாரியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீர்தான் எங்கள் வீட்டில் கமராவுக்கு. மனிதருக்குக் கிணறு போதும். பெட்டியை மூடும்போது உள்ளே அடைபடும் ஈரக்காற்று, கமரா சூடேறியதும் கண்ணாடியில் ஆவியாகப் படியும் என்பதால், ஈரமுறிஞ்சும் பொட்டலமொன்றை உள்ளே செருகி, அதிகாலையில் வீட்டுக்குள் வைத்தே மூடிக்கொண்டு போவது வசதி.

எங்களுக்கு முன்னரே இந்தக் கடலில் இறங்கியவர்கள் சங்குகுளிகாரரும் கடலட்டை எடுப்போரும். போர்க்காலத்தில் கடலுக்கு இறங்குவதே பல ஆண்டுகள் தடையாக இருந்ததால், என் வயதினர் பலருக்குக் கடல் கரையோடு முடிந்துவிட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் மக்களிடம் திரும்பி வந்தது. ஆகவே சிலிண்டரோடு கடலை அறிந்தவர்கள் என்றால் இந்தத் தொழிலாளரே. எந்தப் பாரில் என்ன கிடக்கும், நீரோட்டம் எந்நேரம் திரும்பும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் ஆழத்தில் பலமுறை இறங்கி விரைந்து ஏறும் அவர்களின் தொழில்முறையால், இரத்தத்திலும் இழையங்களிலும் கரைந்த நைதரசன் குமிழியாகி மூட்டுவலியிலும் பக்கவாதத்திலும் விழுந்தவர்கள் கரையோரக் கிராமங்களில் இருக்கிறார்கள். அப்படிக் காலிழுத்து நடக்கும் ஒருவர் என்னிடம் சொன்னார்: “கீழை போறது கல்லுக்கும் தெரியும் தம்பி, மேலை வாறதைத்தான் பழக வேணும்.” நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேற்படாமல் ஏறுவதும், ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தரித்து நிற்பதும் அந்தப் பழக்கத்தின் பாகம். ஆடி, ஆவணியில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் மச்சான்மாருக்கும் இதிலே ஒரு சொல் உண்டு. பல நாள் சுழியோடியவர் கடைசியாகக் கரையேறியதிலிருந்து 18 மணித்தியாலமாவது கழித்தே விமானம் ஏற வேண்டும். பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் “ஒருக்கா இறக்கிவிடு” என்று கேட்டால் நான் மறுப்பது அன்பில்லாமல் அல்ல.

நீருக்குள் சுறாவைவிட நான் அஞ்சுவது தங்கூசி எனும் மெல்லிய நைலோன் இழையால் ஆன வலைக்கு. அறுந்து பாரில் சிக்கிய அந்த வலை கலங்கலில் கண்ணுக்குத் தெரியாது. சிலிண்டரின் வாயிலோ பிளாஷின் தண்டிலோ மாட்டிக்கொள்ளும். சிறு கத்தியும், கூட ஒரு துணையும் இல்லாமல் இறங்கக்கூடாது. வலையைக் கண்டதும் பிடித்து இழுத்தால் அதோடு கல்லும் பெயர்ந்து வரும். துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். இதைவிடப் பெரிய கேடு கடலடித் தரையோடு இழுத்துச் செல்லும் இழுவைமடி வலை. இலங்கையில் அது 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் நின்றபாடில்லை. அவை உருண்டைக்கற்கள் நிறைந்த பாரின் மேல் மடியை இழுப்பதில்லை, மடி கிழிந்துவிடும். பாருக்கு அப்பாலுள்ள சேற்றுத்தரையை உழுது கிளப்பும் மண் நீரோட்டத்தோடு வந்து பாரின் மேல்தான் படிகிறது. மண் படிந்த பொலிப்பு அதைத் தள்ளிவிடத் தன் சக்தியைச் செலவிடும். மண்ணால் ஒளி குறைந்தால் அதனுள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் அல்காவும் குன்றும். கடல் வழமையைவிட ஒரு பாகை கூடச் சூடேறிச் சில வாரம் நின்றால் அந்த அல்காவையே பொலிப்பு வெளியேற்றிவிட, கல் வெளிறும். 1998இல் இலங்கையின் தென், மேற்குக் கரைகளில் பெரும்பரப்பு அப்படித்தான் வெளிறி இறந்தது.

ஆகவே அழகுக்காக எடுக்கும் படங்களோடு, ஒவ்வோர் ஆண்டும் அதே கற்களை அதே திசையிலிருந்து எடுத்து வருகிறேன். இதற்குத் திறமை பெரிதாகத் தேவையில்லை. கல்லின் இடத்தை ஜிபிஎஸ் கருவியில் குறித்து, திசைகாட்டியில் வடக்கைப் பார்த்து நின்று, சென்ரிமீற்றர் கோடிட்ட பிளாஸ்டிக் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, கல்லுக்கு நேர்மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என எடுத்துக்கொள்ள வேண்டும். ஆழம், திகதி, நீரின் வெப்பநிலை மூன்றையும் வெள்ளைப் பலகையில் பென்சிலால் எழுதி அதையும் ஒரு படம் எடுத்துவிட்டால் பிறகு குழப்பம் வராது. நீலக் கடல்களின் முருகைகளுக்கு ஆயிரக்கணக்கான படங்கள் இருக்க, எங்கள் பார்களுக்குப் பழைய படம் கிடைப்பது அரிது. அதனால் முன்பு எப்படி இருந்தது என்ற கேள்விக்குக் கிழவர்களின் நினைவைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

வருகிற பங்குனியில் காற்று விழுந்ததும் காங்கேசன்துறைப் பக்கம் இந்த வேலையைத் தொடர எண்ணியிருக்கிறேன். சுழியோடும் பயிற்சிச் சான்றிதழ் உள்ளவர்கள் சேர்ந்துகொள்ளலாம். அவ்விடத்துக் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் கடற்படையினருக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டியிருப்பதால், வர விரும்புகிறவர்கள் மாசி நடுப்பகுதிக்குள் சொல்லிவிடுங்கள். நங்கூரம் மணலில்தான் போடப்படும், ஆதலால் பாருக்குச் சிறிது தூரம் நீந்த வேண்டியிருக்கும். கமரா எதுவாக இருந்தாலும் சரி. அளவுகோலும் வெள்ளைப் பலகையும் என்னிடம் மேலதிகமாக இருக்கின்றன.